ரொனால்டோ: வேகம் குறைக்காமல் திரும்பிய ஸ்ட்ரைக்கர்

பிரேசில் ரொனால்டோ என்று தேடினால் வந்து விழுவதெல்லாம் கோல் தொகுப்பு வீடியோக்கள்தான். பின்னணியில் ஏதோ ஒரு இசை, நாலு நிமிடத்தில் நாற்பது கோல். பொழுதுபோக்குக்குப் பரவாயில்லை. ஆனால் அந்த மனிதர் மற்ற ஸ்ட்ரைக்கர்களிடமிருந்து எங்கே விலகுகிறார் என்பது அதில் பிடிபடாது. வீடியோவை வெட்டுகிறவர் பந்து வலைக்குள் போகும் கணத்தையே குறிவைக்கிறார். பார்க்க வேண்டியதோ அதற்கு மூன்று நான்கு நொடி முன்னால் இருக்கிறது. (1976-ல் பிறந்த ரொனால்டோ லூயிஸ் நசாரியோ டி லிமாவைப் பற்றித்தான் பேச்சு. போர்ச்சுகல்காரரைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.)

வேகமாக ஓடும் ஸ்ட்ரைக்கர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. காலில் வித்தை வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் ஏமாற்று வேலைக்கு முன் கிட்டத்தட்ட எல்லோருமே ஓட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். ஒரு குட்டை அடி, இன்னொரு குட்டை அடி, பிறகு ஸ்டெப் ஓவர் (பந்தைத் தொடாமல் அதன் மேல் காலைச் சுற்றி ஏமாற்றுவது). உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. டிஃபென்டரும் அந்தக் குட்டை அடியைப் பார்த்துத்தான் தயாராகிறார். ரொனால்டோவிடம் அந்த முன்னறிவிப்பு இல்லை. முழு ஓட்டத்திலேயே தோளைச் சாய்த்து, முழு ஓட்டத்திலேயே திசை மாறுவார். அவருடைய கோல்களும் இதிலிருந்துதான் வந்தன, முழங்கால் போனதும் இதனால்தான்.

ரியோ டி ஜெனிரோவின் பென்டோ ரிபெய்ரோ பகுதியில் வளர்ந்தவர். பெரிய மைதானத்துக்கு வருமுன் ஃபுட்சால் என்ற சிறுதளக் கால்பந்து ஆடினார். ஃபுட்சால் பந்து சிறியது, அதிகம் எம்பாது. தளம் கெட்டி, இடம் குறைவு, எதிராளி எப்போதும் கை எட்டும் தூரத்தில். காலைப் பின்னால் ஓங்கி அடிக்க நேரம் கிடைக்காது. அதனால் அங்கே பழகும் பையன்களுக்கு மூன்று விஷயம் தானாகப் படிந்துவிடும்: பந்தை உள்ளங்காலால் இழுப்பது, பூட்ஸ் நுனியால் குத்துவது, பந்தைத் தொடாமல் இடுப்பையும் தோளையும் மட்டும் அசைத்து எதிராளியை நகர்த்துவது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலகக் கோப்பை அரையிறுதி ஒன்று இதில் ஒன்றால்தான் தீர்ந்தது.

ஃப்ளமெங்கோவில் சேர ஆசைப்பட்டார். தினம் பயிற்சிக்கு வந்துபோக பஸ் கட்டணம் ஒரு தடையாகிவிட, சாவ் கிறிஸ்டோவாவ் என்ற சிறிய கிளப்பில் சேர்ந்தார். 1970 உலகக் கோப்பையை வென்ற ஜெயர்சின்ஹோவின் கண்ணில் பட்டு, 1993-ல் பெலோ ஹொரிசோன்டேயின் க்ரூசெய்ரோவுக்குப் போனார். அந்த நவம்பரில் பாஹியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல். அதில் ஒன்று வெட்கமில்லாத கோல் என்றே சொல்லலாம். உருகுவே கோல்கீப்பர் ரொடால்ஃபோ ரொட்ரிகெஸ் பந்தைப் பிடித்துவிட்டு, தன் டிஃபென்டர்கள் மேல் இருந்த கோபத்தில் அதைக் கையிலிருந்து நழுவவிட்டார். பின்னால் பதுங்கி நின்ற 17 வயதுப் பையன் ஓடிவந்து தட்டிவிட்டான். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பிரேசில் உலகக் கோப்பையை வென்றபோது அணியில் இருந்தார், ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

அங்கிருந்து நெதர்லாந்தின் பி.எஸ்.வி. ஐந்தோவன். பிரேசில் ஸ்ட்ரைக்கர் ரொமாரியோ ஏற்கெனவே ஆடிய கிளப், அவருடைய சிபாரிசும் இருந்தது. 1994 செப்டம்பரில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஏஃபா கோப்பையில் ஜெர்மனியின் லெவர்குசனிடம் 5–4 என்று தோற்ற ஆட்டத்தில் மூன்று கோல், முதல் லீக் சீசனில் 30 கோல். இரண்டாவது சீசனில் முழங்கால் வலி வந்தது. 1996 பிப்ரவரியில் அறுவை சிகிச்சையும் நடந்தது. அப்போது அவருக்கு 19 வயது. அந்த வயதில் முழங்கால் சில்லின் கீழே வலி வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நடந்ததை அறிந்து பார்க்கும்போது, அந்த அறுவை சிகிச்சையை இவ்வளவு சீக்கிரம் கடந்துபோயிருக்கக் கூடாது என்று தோன்றும்.

1996 கோடையில் பயிற்சியாளர் பாபி ராப்சன் அவரை பார்சிலோனாவுக்குக் கூட்டிவந்தார், அன்றைய உலகச் சாதனைத் தொகைக்கு. ஒரே ஒரு சீசன். 49 ஆட்டத்தில் 47 கோல், அதில் லீக்கில் மட்டும் 34. அக்டோபர் 12 அன்று சான்டியாகோ டி கொம்போஸ்தெலாவில் அடித்த கோலைத்தான் எல்லோரும் காட்டுவார்கள், காட்ட வேண்டியதும்தான். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்தைப் பறிக்கிறார். ஒருவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். ஃபவுல் வாங்கிக்கொண்டு விழுந்திருக்கலாம், விழவில்லை. அங்கிருந்து பெனால்டி பாக்ஸ் வரை ஓடும்போது பந்தின் தூரத்தைக் கவனியுங்கள். திறந்த இடத்தில் இரண்டு மூன்று மீட்டர் முன்னால் தள்ளிவிட்டு ஓடுகிறார். டிஃபென்டர் நெருங்கியதும் பந்து காலோடு ஒட்டிக்கொள்கிறது, ஓட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. பந்தை நெருக்கமாக வைத்தால் வேகம் குறையும், வேகத்தை வைத்தால் பந்து தள்ளிப்போகும் என்பது பொதுவான கணக்கு. பெஞ்சில் இருந்த ராப்சன் எழுந்து இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். ஐம்பதுகளிலிருந்து கால்பந்தில் ஊறிய மனிதர் அவர்.

இதைவிட அதிகம் பேச வேண்டியது கோல்கீப்பரைச் சுற்றிப்போகும் அவருடைய பாணி. தனியாகக் கோல்கீப்பரிடம் வந்து சேரும் ஸ்ட்ரைக்கர் பொதுவாக இரண்டில் ஒன்று செய்வார்: மூலைக்கு அடிப்பார், அல்லது மேலே தூக்கிவிடுவார். சுற்றிப்போவது மூன்றாவது வழி, பலருக்கும் கடைசி வழி. ரொனால்டோவுக்கு அதுதான் முதல் வழி.

1998 மே 6, பாரிசில் யூஏஃபா கோப்பை இறுதிப் போட்டி, இன்டர் மிலானும் லாசியோவும். 2–0 என்று இன்டர் முன்னிலை. பின்வரிசையைத் தாண்டி ரொனால்டோ தனியாக வருகிறார், எதிரே லாசியோ கோல்கீப்பர் லூகா மார்கெஜானி. இந்த இடத்தை அரை வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். ரொனால்டோவை விட்டுவிட்டு மார்கெஜானியின் கால்களைப் பாருங்கள். ரொனால்டோவின் கால் பந்துக்கு மேல் சுற்றிப்போகிறது, தோள் சாய்கிறது, பந்தின் மேல் கால் படவே இல்லை. கோல்கீப்பரின் எடை ஒரு காலுக்கு மாறுகிறது, திரும்ப மறு காலுக்குத் தாவப் பார்க்கிறது, இடையில் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ரொனால்டோ பந்தைத் தொடுகிறார். காலி வலை.

இது ஏன் வேலை செய்கிறது? முன்னேறி வரும் கோல்கீப்பர் கோணத்தைக் குறைக்கிறார், அதுவே அவர் பலம். ஆனால் எடை ஒரு காலில் முழுதாக இறங்கிவிட்டால், அல்லது ஒரு முட்டி தரையில் பட்டுவிட்டால், எதிர்ப்பக்கம் போக ஒரு கணம் பிடிக்கும். அந்தக் கணத்தை உண்டாக்குவதுதான் ஸ்டெப் ஓவரின் வேலை. கால் சுற்றுவது அலங்காரம். கோல்கீப்பர் நம்புவது தோளையும் இடுப்பையும்தான்.

செய்துபார்க்க நினைப்பவர்கள் இந்த வரிசையில் போகலாம். கோல்கீப்பர் ஏழெட்டு மீட்டர் தூரத்தில் இருக்கும்போதே பந்தை ஒரு முறை தள்ளி, அடுத்த இரண்டு அடிக்குத் தொடத் தேவையில்லாத தூரத்தில் விடுங்கள். அந்த இரண்டு அடிதான் உங்கள் கையிருப்பு. தலையை உயர்த்தி அவர் நிற்கும் நிலையைப் பாருங்கள். நான்கைந்து மீட்டரில் வலது காலைப் பந்தின் முன்புறமாக, உள்ளேயிருந்து வெளியே சுற்றுங்கள். வலது தோளும் சேர்ந்து இறங்க வேண்டும். கால் தரையைத் தொட்டதும் அதிலிருந்தே உந்தி, இடது காலின் வெளிப்பக்கத்தால் பந்தைச் சாய்வாக முன்னே தள்ளுங்கள். கோல்கீப்பர் படுத்தால் கை நீளும் தூரத்துக்கு வெளியே பந்து இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மீட்டர் போனாலும் கோல் கோட்டை நோக்கிக் கோணம் மூடிக்கொள்ளும்.

கெட்டுப்போவது எங்கே என்பதும் தெளிவு. முதல் தவறு, தூரம். சீக்கிரம் செய்தால் கோல்கீப்பருக்குத் திரும்ப நேரம் கிடைக்கிறது, தாமதித்தால் அவர் கைக்குள்ளேயே பந்து. இரண்டாவது, பந்தைச் சாய்வாகத் தள்ளாமல் முழுதாகப் பக்கவாட்டில் இழுப்பது. அப்படிச் செய்தால் ஓட்டம் நின்றுவிடும், பின்னால் துரத்திவரும் டிஃபென்டர் வந்து சேர்ந்துவிடுவார். மூன்றாவதுதான் மிகச் சாதாரணமானது: ஸ்டெப் ஓவருக்காக வேகத்தைக் குறைப்பது. குறைத்த உடனே கோல்கீப்பரும் நின்றுவிடுவார். நிற்கும் கோல்கீப்பரை ஏமாற்றுவது கடினம், ஓடிவரும் கோல்கீப்பர்தான் விழுவார்.

இன்டருக்கு அவர் வந்தது 1997-ல், ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகையைக் கட்டி. மறுபடியும் உலகச் சாதனை. மரடோனாவுக்குப் பிறகு இரண்டு முறை அந்தச் சாதனையை முறித்தவர் அவர்தான். பயிற்சியாளர் லூயிஜி சிமோனியின் அணி பின்னால் இறுக்கி உட்கார்ந்து பந்தை முன்னால் தூக்கிப்போடும் அணி. முன்னால் ஒரு ஆள் போதும் என்று நம்பி அமைத்த ஆட்டம். உலகின் மிகக் கறாரான டிஃபென்டர்கள் இருந்த இத்தாலியில் முதல் சீசனிலேயே 25 லீக் கோல். 1998 ஏப்ரலில் மாஸ்கோவில் ஸ்பார்டக்குக்கு எதிரான யூஏஃபா கோப்பை அரையிறுதியைத் தேடிப் பாருங்கள். புல்லே இல்லாத, சேறும் உறைபனியுமான தரை. மற்ற இருபத்தொரு பேரும் நிற்கவே தடுமாறும் இடத்தில் இரண்டு கோல் அடித்தார். வழுக்கும் தரையில் டிஃபென்டரால் சட்டென்று திசை மாற முடியாது, அவருக்கு மட்டும் முடிந்தது. எனக்குக் கொம்போஸ்தெலாவைவிட இந்த ஆட்டம்தான் பெரிது.

பிறகு 1998 உலகக் கோப்பை. நான்கு கோல், போட்டியின் சிறந்த வீரர் விருது. ஜூலை 12, இறுதிப் போட்டி நாளின் மதியம் ஹோட்டல் அறையில் வலிப்பு வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் வெளியான ஆட்டக்காரர் பட்டியலில் எட்முண்டோ பெயர், கொஞ்ச நேரத்தில் திருத்திய பட்டியலில் மீண்டும் ரொனால்டோ. பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை, அவரும் ஆடுகிறேன் என்றார், பயிற்சியாளர் சகாலோ ஆடவைத்தார். பிரான்ஸ் 3–0. ஸ்பான்சர் நிறுவனம் கட்டாயப்படுத்தியது என்ற பேச்சு பிரேசில் நாடாளுமன்ற விசாரணை வரை போனது, ரொனால்டோவே அங்கே சாட்சி சொன்னார். வலிப்பு வந்து சில மணி நேரத்தில் ஒருவரைக் களத்தில் இறக்கியது சரியா என்ற கேள்விக்கு எந்தச் சதியும் தேவையில்லை. சரியில்லை, அவ்வளவுதான்.

இனி முழங்கால். தொடையின் முன்தசை சுருங்கும்போது காலை நீட்டுகிறது. அந்த இழுப்பு நேராகக் கணைக்கால் எலும்புக்குப் போவதில்லை. முழங்கால் சில்லின் மேல் ஏறி, அங்கிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைநாண் வழியாகக் கீழே இறங்குகிறது. கிணற்று ராட்டினத்தின் மேல் கயிறு ஓடுவது மாதிரி. ஓடும்போது இந்தத் தசைநாணுக்குப் பெரிய கஷ்டம் இல்லை, கஷ்டம் நிறுத்தும்போது. முழு வேகத்தில் வந்து ஒரு காலை ஊன்றித் திசை மாறினால், முட்டி மடங்கிக்கொண்டே போகிறது, தொடைத் தசையோ அதை மடங்கவிடாமல் எதிர்த்து இழுக்கிறது. தசை நீளும்போதே இழுக்கும் அந்த நொடியில் தசைநாண் தாங்கும் விசை உடல் எடையைப் போலப் பல மடங்கு. இதையே வாரம் இரண்டு ஆட்டம், பதினேழு வயதிலிருந்து. நாரில் சின்னச் சின்னச் சிதைவு உண்டாகும். ஓய்வு கிடைத்தால் ஆறும், கிடைக்காவிட்டால் சேர்ந்துகொண்டே போகும்.

1999 நவம்பர் 21, லெச்சேவுக்கு எதிரான ஆட்டத்தில் வலது முழங்காலின் தசைநாண் பாதி கிழிந்தது. பாரிசில் டாக்டர் ஜெரார் சயான் அறுவை சிகிச்சை செய்தார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2000 ஏப்ரல் 12, ரோமில் லாசியோவுக்கு எதிராக இத்தாலியக் கோப்பை இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம். மாற்று வீரராக இறங்கினார். ஏழு நிமிடத்துக்குள் பந்தோடு ஓடிவந்து, ஸ்டெப் ஓவர் போட்டு, காலை ஊன்றினார். யாரும் அவரைத் தொடவில்லை. தசைநாண் முழுதாக அறுந்தது.

முழுதாக அறுந்தால் என்ன ஆகும்? கீழே பிடித்துவைக்க ஒன்றும் இல்லாததால், தொடைத் தசை முழங்கால் சில்லை மேலே இழுத்துவிடும். காலைத் தானாக நீட்டவே முடியாது. அன்றைய காட்சியில் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு அலறுவது வலியால் மட்டுமல்ல, கைக்குக் கீழே எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அறுவை சிகிச்சையில் நாரைத் தைத்து எலும்போடு சேர்க்கிறார்கள். தைத்தது ஒட்டுவது ஒரு கட்டம், ஒட்டியது பழைய பலத்துக்கு வருவது இன்னொரு கட்டம். முதலாவது சில மாதம். இரண்டாவது ஒரு வருடத்துக்கும் மேல். முதல் கிழிசலுக்குப் பிறகு ஐந்து மாதத்துக்குள் இறக்கிவிட்டதில் என்ன பிழை என்று இதிலிருந்தே தெரியும்: நடக்கலாம், நேராக ஓடலாம், பயிற்சியில் நன்றாகவே தெரியும். முழு வேகத்தில் ஊன்றித் திரும்புவதுதான் கடைசியாக வரும் திறன். அவருக்கோ அதுதான் முதல் பழக்கம்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. பிரேசில் பிசியோதெரபிஸ்ட் நில்டன் பெட்ரோனோடு நீண்ட வேலை. முதலில் முட்டி மடங்கும் அளவை மீட்பது, பிறகு சூம்பிப்போன தொடைத் தசையைத் தேற்றுவது, பிறகு நேர் ஓட்டம், எல்லாவற்றுக்கும் கடைசியில் திருப்பம். 2000–01 சீசன் முழுதும் ஒரு ஆட்டம்கூட இல்லை. 2001–02-ல் பத்தே லீக் ஆட்டம், ஏழு கோல். கடைசி நாளில் லாசியோவிடம் 4–2 என்று தோற்று இன்டர் பட்டத்தைக் கோட்டைவிட்டபோது பெஞ்சில் அழுதுகொண்டிருந்தார். இவரையா பிரேசில் பயிற்சியாளர் லூயிஸ் ஃபெலிப்பே ஸ்கொலாரி கொரியா–ஜப்பான் உலகக் கோப்பைக்குக் கூட்டிப்போகிறார் என்று பிரேசிலிலேயே கேட்டார்கள். ரொமாரியோ வேண்டும் என்று ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

2002-ல் அவர் அடித்த எட்டுக் கோலை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். நடுக்கோட்டிலிருந்து ஓடிவந்து அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பெனால்டி பாக்ஸை ஒட்டியோ அதற்குள்ளேயோ. பழைய ஆளை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் இருபத்தைந்து வயதில் ஒருவர் தன் ஆட்டத்தைப் பிரித்துப்போட்டு வேறு மாதிரி கட்டியிருப்பது தெரியும். நாற்பது மீட்டர் ஓட்டத்தை ஐந்து மீட்டராகச் சுருக்கிவிட்டார், அந்த ஐந்து மீட்டரில் வேகம் பழைய வேகம்.

துருக்கிக்கு எதிரான அரையிறுதி, ஜூன் 26, சைதாமா. 49-ஆவது நிமிடம். இடப்பக்கம் ஜில்பெர்தோ சில்வாவிடமிருந்து பந்து வருகிறது, உள்ளே வெட்டி வருகிறார், சுற்றிலும் துருக்கி ஆட்டக்காரர்கள். வழக்கமாக அடிக்க வேண்டுமானால் காலைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அந்த அசைவைப் பார்த்துத்தான் டிஃபென்டர் காலை நீட்டுவார், கோல்கீப்பர் சாய்வார். ரொனால்டோ காலை ஓங்கவில்லை. ஓடும் அடியிலேயே பூட்ஸ் நுனியால் குத்திவிட்டார். கோல்கீப்பர் ருஷ்டு ரெச்பெர் கை பட்டது, தடுக்க முடியவில்லை. நுனிக்குத்து என்றால் பயிற்சியாளர்கள் முகம் சுளிப்பார்கள். காரணம் உண்டு: பந்தின் மேல் படும் பரப்பு குறைவு, மையத்திலிருந்து சற்று விலகினாலும் பந்து எங்கோ போகும். ஆகவே நின்று அடிக்க நேரம் இருக்கும்போது அது முட்டாள்தனம். நேரமே இல்லாதபோது அதைவிடச் சீக்கிரம் புறப்படும் அடி வேறில்லை. ஃபுட்சால் தளத்தில் படிந்த பழக்கம் அங்கே கைகொடுத்தது.

ஜூன் 30, யோகோஹாமா, ஜெர்மனிக்கு எதிரான இறுதிப் போட்டி. அதுவரை ஜெர்மனி கோல்கீப்பர் ஆலிவர் கான் போட்டி முழுவதிலும் ஒரே ஒரு கோல் விட்டிருந்தார். 67-ஆவது நிமிடத்தில் ரொனால்டோ தான் இழந்த பந்தை ஹாமனிடமிருந்து தானே திரும்பப் பறித்து ரிவால்டோவிடம் கொடுக்கிறார். ரிவால்டோ அடித்ததும் எல்லோரும் பந்தைப் பார்க்க, ரொனால்டோ மட்டும் கோலை நோக்கி ஓடுகிறார். கான் நழுவவிடுவார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நூறு முறை ஓடினால் ஐந்து முறை கிடைக்கும் பந்து அது. 79-ஆவது நிமிடக் கோலில் க்ளெபெர்சன் கொடுத்த பந்தை ரிவால்டோ தொடாமல் விடுகிறார், ரொனால்டோ ஒரு தொடலில் அடக்கி அடுத்ததில் மூலைக்கு உருட்டுகிறார். பலம் போடவே இல்லை, இடம் பார்த்து வைத்தார்.

ரியல் மாட்ரிட்டில் அந்தப் புதிய ஆட்டம்தான் தொடர்ந்தது. முதல் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி ஒரு நிமிடம் ஆனதும் ஒரு கோல், பிறகு இன்னொன்று. 2003 ஏப்ரல் 23, ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல். முதலாவதில் குட்டி கொடுத்த பாஸை அடக்காமலே, கோல்கீப்பர் பார்த்தேசுக்கு நெருக்கமான கம்பத்துப் பக்கம் அடித்தார். கோல்கீப்பர்கள் பாதுகாப்பானது என்று நினைக்கும் பக்கம் அது. அவர் வெளியே போனபோது எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆட்டம் யுனைடெட்டுக்கு 4–3, இரண்டு ஆட்டமும் சேர்த்து ரியல் 6–5. இருந்தும் சாம்பியன்ஸ் லீக் கோப்பை மட்டும் கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை.

எடை கூடியது. கேலி நிற்கவில்லை. 2006 ஜெர்மனியில் கானாவுக்கு எதிராக ஐந்தாவது நிமிடத்தில் காக்கா கொடுத்த பந்து, எதிரே கோல்கீப்பர் கிங்சன், ஒரு ஸ்டெப் ஓவர், காலி வலை. பாரிசில் மார்கெஜானிக்கு நடந்த அதே கதை, எட்டு ஆண்டு கழித்து, பத்துப் பதினைந்து கிலோ கூடுதல் என்று எல்லோரும் கேலி பேசிய உடம்போடு. அது உலகக் கோப்பையில் அவருடைய 15-ஆவது கோல், கெர்ட் மியுல்லரின் 14 என்ற சாதனை முறிந்தது. 2014-ல் மிரோஸ்லாவ் க்ளோசெ 16-ஆவது கோலடித்து இதையும் தாண்டினார். பிரேசில் 7–1 என்று நொறுங்கிய அந்த அரையிறுதி நடந்தது பெலோ ஹொரிசோன்டேயின் மினெய்ராவ் மைதானத்தில். ரொனால்டோ தொலைக்காட்சி வர்ணனையாளராக அங்கேயே இருந்தார்.

2008 பிப்ரவரியில் ஏ.சி. மிலானுக்கு ஆடும்போது லிவோர்னோவுக்கு எதிராக இடது முழங்காலில் அதே தசைநாண் அறுந்தது. ஒரு கால் போனால் மறு கால் கூடுதலாகச் சுமக்கும். அதோடு தைராய்டுக் குறைபாடும் தெரியவந்தது. அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். 2009-ல் கொரிந்தியன்ஸில் சாவ் பாவ்லோ மாநிலப் பட்டமும் பிரேசில் கோப்பையும் வென்றார். மாநில இறுதியில் சான்டோசின் மைதானத்திலேயே, முன்னேறி வந்த கோல்கீப்பர் ஃபாபியோ கோஸ்டாவின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிவிட்ட கோலைப் பார்க்காதவர்கள் பார்க்கவும். ஓட முடியாத ஸ்ட்ரைக்கர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அந்த ஆண்டு முழுவதும் பாடம்தான். 2011 பிப்ரவரியில் ஓய்வு. பிரேசிலுக்கு 98 ஆட்டம், 62 கோல்.

அவருக்குப் பிறகு 9 எண் சட்டையின் வேலையே மாறியது. அதற்கு முன் அந்த இடத்தில் பெரும்பாலும் பாக்ஸுக்குள் காத்திருந்து முடிப்பவர், அல்லது பந்தைப் பிடித்துவைத்துப் பின்னால் வருபவருக்குக் கொடுப்பவர். நடுக்களத்தில் வாங்கி, தானே கொண்டுவந்து, தானே முடிக்கும் ஸ்ட்ரைக்கரை முன்மாதிரியாக வைத்து ஒரு தலைமுறையே பயிற்சி எடுத்தது. ஆனால் அவர்களில் பலர் நகலெடுத்தது ஸ்டெப் ஓவரை. நகலெடுக்க முடியாமல் போனது அதற்கு முன்னும் பின்னும் மாறாத அந்த ஓட்டம்.

கணக்கைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. அவருடைய மொத்தக் கோல்களை இன்றைய பெரிய பெயர்களோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்வது வீண். 23 வயதிலிருந்து 25 வரை, ஒரு ஸ்ட்ரைக்கரின் நல்ல காலத்தில், இன்டருக்கு அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் சொற்பம். ஒப்பிட வேண்டுமானால் 1996 ஆகஸ்ட் முதல் 1998 ஜூலை வரை உள்ள இரண்டு சீசனை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குத் தொகுப்பு வீடியோ போதாது, முழு ஆட்டங்கள் வேண்டும். எந்த வரிசையில் என்று கேட்டால்: முதலில் மாஸ்கோ, அடுத்து பாரிஸ், பிறகு யோகோஹாமா. மாஸ்கோவில் அவர் பந்தில்லாமல் எவ்வளவு நேரம் சும்மா நடக்கிறார் என்று பாருங்கள். பாரிசில் அலெஸாண்ட்ரோ நெஸ்டாவும் மற்ற லாசியோ டிஃபென்டர்களும் அவரிடமிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறார்கள் என்று பாருங்கள், அந்த இடைவெளி நேரம் ஆக ஆக அதிகரிக்கும். யோகோஹாமாவில் இரண்டாம் பாதியை மட்டும், பந்தைத் துரத்தாமல் 9 எண் சட்டையை மட்டும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். 67-ஆவது நிமிடக் கோலுக்கு முன்னாலேயே, ஒவ்வொரு பிரேசில் ஷாட்டுக்கும் அவர் கானை நோக்கி ஓடியிருப்பாரா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.